ஆன்டெனா மேல் ஒரு மஞ்சள் குருவி: செரின் பற்றிச் சில கேள்விகள்

இந்த மாதக் கடிதங்களில் ஐரோப்பாவில் இருக்கும் வாசகர்களின் கை ஓங்கியிருக்கிறது. அதிலும் பலர் ஒரே பறவையைத்தான் விசாரித்திருக்கிறார்கள்.

சூரிக்கில் எங்கள் குடியிருப்பின் ஆன்டெனா மேல் ஏப்ரலிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் பறவை உட்கார்ந்து ஓயாமல் பாடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சிஸ்கின் என்கிறார். சரியா?

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது செரின். விதை தின்னும் சிறு பறவைகளான ஃபின்ச் குடும்பத்தில், ஐரோப்பாவிலேயே மிகச் சிறியது. நீளம் 11, 12 சென்டிமீட்டருக்கு மேல் போகாது. ஆணுக்கு நெற்றி, தொண்டை, மார்பு எல்லாம் பளிச்சென்ற மஞ்சள். முதுகு பச்சை கலந்த பழுப்பு, அதில் கருங்கோடுகள். வயிறு வெள்ளை, விலாவில் கோடுகள். பெண் இதே உடையின் மங்கிய பதிப்பு, கோடுகள் கூடுதல்.

சிஸ்கினும் மஞ்சள்தான் என்பதால் குழப்பம் வருவது சகஜம். அலகைப் பாருங்கள். செரினுக்குக் குட்டையான, பருத்த அலகு; சிஸ்கினுக்கு நீண்டு கூர்ந்தது. ஆண் சிஸ்கினின் உச்சந்தலை கறுப்பு, செரினுக்கு அது கிடையாது. பறந்து போகும்போது வாலுக்கு மேல் பிட்டம் மஞ்சளாக மின்னி, வாலில் மஞ்சளே இல்லாவிட்டால் செரின். சிஸ்கினுக்கு வாலின் ஓரங்களிலும் மஞ்சள் உண்டு. இளம் பறவைக்கு மட்டும் இந்தப் பிட்ட அடையாளம் உதவாது, அதற்கு மஞ்சள் இன்னும் வந்திருக்காது.

பாட்டைக் கேட்டாலே முடிவு செய்துவிடலாம். சாவிக்கொத்தை வேகமாகக் குலுக்கினாற்போல ஒரு மெல்லிய, இடைவெளியே இல்லாத கிலுகிலுப்பு. சில நேரம் ஆண் பாடிக்கொண்டே காற்றில் எழும்பி, சிறகை மெதுவாக அடித்து வட்டமடித்து இறங்கும். அதைப் பார்த்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரோடு வாதம் செய்யவே வேண்டாம்.

ஸ்டுட்கார்ட்டில் தோட்டத்தில் சூரியகாந்தி விதை தொங்கவிட்டிருக்கிறேன். மற்ற பறவைகள் வருகின்றன, செரின் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வேறு என்ன வைக்கலாம்?

எதையும் வைக்க வேண்டாம், களைகளைப் பிடுங்காமல் இருந்தாலே போதும். அந்தக் குட்டி அலகுக்குச் சூரியகாந்தி விதை பெரிது. அது தேடுவது பொடி விதைகளை: டேன்டிலயன், கடுகுக் குடும்பத்துக் களைகள், பாதையோரம் முளைக்கும் பூண்டுகள். பிர்ச், எல்ம் மர விதைகளும் பிடிக்கும். வசந்தத்தில் மொட்டுகளையும் கொறிக்கும். பெரும்பாலும் தரையிலோ செடியின் தண்டிலோதான் மேயும்.

குஞ்சுக்கும் இதே சாப்பாடுதான், இது கொஞ்சம் வித்தியாசமான விஷயம். விதை தின்னும் பறவைகளில்கூடப் பல, குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளைத்தான் ஊட்டும். செரின் விதைகளைத் தொண்டைப் பையில் ஊறவைத்துக் கக்கி ஊட்டுகிறது. அசுவினி போன்ற சிறு பூச்சிகள் தொட்டுக்கொள்ள மட்டும். ஆகவே உங்கள் தோட்டத்தின் ஒரு மூலையில் களைகளைப் பூத்து விதை பிடிக்க விடுங்கள். வீட்டு உரிமையாளர் முறைப்பார், சமாளியுங்கள்.

லைப்சிக்கில் மூத்தவர்கள், "முன்பெல்லாம் இது தெருவுக்குத் தெரு பாடும்" என்கிறார்கள். ஆனால் இது வடக்கே பரவிவரும் பறவை என்று படித்திருக்கிறேன். எது உண்மை?

இரண்டும் உண்மை, காலம்தான் வேறு. 1800 வாக்கில் செரின் பெரும்பாலும் மத்திய தரைக்கடலைச் சுற்றிய பறவை. அடுத்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் மத்திய ஐரோப்பா முழுக்க ஏறி, பால்டிக் கடற்கரையைத் தொட்டு, டென்மார்க், தெற்கு ஸ்வீடன் வரை போய்விட்டது.

இந்தப் பயணத்தை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர் எர்ன்ஸ்ட் மயர். பின்னாளில் பரிணாம உயிரியலில் பெரும்பெயர் பெற்றவர். 1926இல், 21 வயதில், பெர்லினில் அவர் முனைவர் பட்டம் வாங்கியதே செரினின் பரவலைப் பற்றிய ஆய்வுக்குத்தான். எந்தெந்த வட்டாரத்துக்கு இது எப்போது வந்து சேர்ந்தது என்று பழைய குறிப்புகளைத் திரட்டிப் பார்த்தார்.

ஏன் பரவியது? வெயில் கூடியதால் என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். அது மட்டும் போதாது. இன்றைய வெப்பமாதலுக்கு வெகு முன்பே பரவல் தொடங்கிவிட்டது. என் கணக்கில் பெரிய பங்கு மனிதருக்கு. அடர்காடு இதற்கு ஆகாது, இடைவெளிவிட்டு நிற்கும் மரங்களும் நடுவே களை மண்டிய நிலமும் வேண்டும். பழத்தோட்டம், பூங்கா, கல்லறைத் தோட்டம், சாலை மரங்கள் என்று நாம் அதைத்தான் ஊர் ஊராக அமைத்துக் கொடுத்தோம்.

இப்போது அதையே திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஜெர்மனி உட்பட மத்திய ஐரோப்பாவின் பல பகுதிகளில் சமீப பத்தாண்டுகளில் எண்ணிக்கை தெளிவாகக் குறைந்திருக்கிறது. களைக்கொல்லி, வாரம் தவறாமல் வெட்டப்படும் புல்தரை, கட்டடமாகிப்போன தரிசு மனை: இவற்றில் பொடி விதை எங்கே கிடைக்கும்? உங்கள் ஊர்ப் பெரியவர்கள் பரவலின் உச்சத்தைப் பார்த்தவர்களாக இருக்கலாம்.

பாரிஸில் பார்க்கிறேன், லண்டனில் இருக்கும் தங்கை பார்த்ததே இல்லை என்கிறாள். நடுவில் ஆங்கிலக் கால்வாய் மட்டும்தானே?

பறக்கத் தெரியாமல் இல்லை. வடக்குப் பகுதிச் செரின்கள் குளிர்காலத்தில் மத்திய தரைக்கடல் பக்கம் போய்த் திரும்புகிறவை. இங்கிலாந்திலும் 1967இல் டார்செட்டில் கூடு கட்டியது. அப்புறமும் தென்கடற்கரையில் அங்கங்கே சில ஜோடிகள் முயன்றன, நிலைக்கவில்லை. ஈரமான, குளிர்ந்த கோடை ஒத்துவரவில்லை என்பது நம்பத்தகுந்த விளக்கம். அது ஒன்றே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். தங்கை வசந்தத்தில் தென்கடற்கரைக்குப் போனால் வழிதவறி வந்த ஒன்றைப் பார்க்க வாய்ப்புண்டு.

கடைகளில் விற்கும் கேனரிதானே இது?

நெருங்கிய சொந்தம், வேறு இனம். காட்டுக் கேனரி கேனரித் தீவுகள், மதீரா, அசோரஸ் தீவுகளைச் சேர்ந்தது. அதுவும் கோடுபோட்ட பச்சை மஞ்சள்தான். முழு மஞ்சள் நிறம் கூண்டில் வளர்த்தவர்கள் பல தலைமுறை பொறுக்கியெடுத்து உண்டாக்கியது.

கோவை அருகே மஞ்சள் மார்பும் பருத்த அலகுமாக ஒன்றைப் பார்த்தேன். செரினா?

இல்லை. இனப்பெருக்கக் கால உடையில் இருக்கும் ஆண் தூக்கணாங்குருவியாக இருக்கும். முகம் கறுத்து, உச்சந்தலை மஞ்சளாக இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். செரினின் உறவினர் ஒன்றை இந்தியாவிலேயே பார்க்க ஆசையென்றால் லடாக் போக வேண்டும். கரிய தலையில் நெற்றி மட்டும் செந்நிறமாக ஒரு செரின் அங்கே மலைச்சரிவுகளில் கூட்டமாக மேயும்.