கனவு வண்டியும் கை பழகிய வண்டியும்

கார்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நீங்களும் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் மெக்கானிக் இல்லை. 25 வருடமாக ஓட்டுவது, படிப்பது, பிரித்துப் பார்ப்பது, பிறகு மாட்டத் தெரியாமல் முழிப்பது என்று காலம் போயிருக்கிறது. அந்தத் தகுதியில்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, கழுவுற மீனில் நழுவுற மீனாகப் பதில் சொல்லக் கூடாது. ஒரே ஒரு கார்தான் என்றால், உங்கள் கனவு கார் எது?

பதில்: மெக்லாரன் எஃப்1. இதற்கு யோசிக்கவே வேண்டாம்.

1992-ல் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட கார். வடிவமைத்தவர் கார்டன் மர்ரி. அதுவரை ஃபார்முலா ஒன் பந்தயக் கார்களை வரைந்துகொண்டிருந்தவர். ஓட்டுபவரின் இருக்கை நட்டநடுவில். இரண்டு பக்கமும் சற்றுப் பின்தள்ளி, ஆளுக்கொன்றாக இரண்டு இருக்கைகள். பின்னால் பிஎம்டபிள்யூ செய்து கொடுத்த 6.1 லிட்டர், 12 சிலிண்டர் இன்ஜின், 627 குதிரைத்திறன். இன்ஜின் அறையின் உட்புறம் முழுக்கத் தங்கத் தகடு ஒட்டியிருப்பார்கள். படம் காட்டுவதற்காக என்று நினைக்காதீர்கள். வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதில் தங்கத்துக்கு இணை குறைவு, அவ்வளவுதான் காரணம்.

எனக்கு அந்த வண்டியில் பிடித்தது அதில் இல்லாதவைதான். பவர் ஸ்டியரிங் இல்லை. பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை. பிரேக்கை லேசாக்கும் சர்வோகூட இல்லை. காலில் எவ்வளவு பலம் கொடுக்கிறீர்களோ அவ்வளவுதான் பிரேக். மொத்த எடை ஏறக்குறைய 1,140 கிலோ. இன்றைய குடும்ப ஹாட்ச்பேக்குகளில் பல அதைவிடக் கனமாக இருக்கும். 627 குதிரைகளை அத்தனை லேசான உடம்பில் கட்டிவிட்டு, ‘இனி உன் பாடு’ என்று சாவியைக் கையில் கொடுப்பது எவ்வளவு பெரிய நம்பிக்கை!

மொத்தம் 106 வண்டிகள்தான் செய்தார்கள். இன்னொரு வேடிக்கை, அதை சர்வீஸ் செய்யப் பல வருடங்கள் 1990-களின் காம்பேக் லேப்டாப் ஒன்றுதான் தேவைப்பட்டது. அந்தக் கால மென்பொருள் அதில்தான் ஓடும். உலகின் அரிய காருக்கு வைத்தியம் பார்க்க, பழைய லேப்டாப்பைத் தேடி அலைந்திருக்கிறார்கள்.

கேள்வி: அதைவிட வேகமான கார்கள் எவ்வளவோ வந்துவிட்டனவே சார்? புகாட்டி வேய்ரானை ஏன் சொல்லவில்லை?

பதில்: உண்மைதான். எஃப்1 1998-ல் மணிக்கு 386 கிலோமீட்டர் போனது. உலகின் வேகமான கார் என்ற பட்டம் 2005-ல் கைமாறிவிட்டது. அதே வருடம் வந்த வேய்ரான் 400-ஐத் தாண்டியது. 8 லிட்டர், 16 சிலிண்டர், நாலு டர்போ. சூட்டைத் தணிக்க 10 ரேடியேட்டர்! அதன் முன்னால் ஒரு பொறியாளர் தொப்பியைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் முழு வேகத்தில் போனால் டேங்க் பெட்ரோல் பன்னிரண்டு நிமிடம்கூடத் தாங்குமா என்பது சந்தேகம். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பது இதுதான். எனக்கு அது பிரமிப்பு. ஆசை வேறு.

கேள்வி: கனவெல்லாம் சரி. நிஜமாக ஓட்டியதில் எது பிடிக்கும்?

பதில்: இந்த இரண்டையும் பிரித்துக் கேட்டீர்களே, சந்தோஷம். கனவு கார் என்றால், அதன் குறை இன்னும் நமக்குத் தெரியாது என்று அர்த்தம். பிடித்த கார் என்றால் குறையெல்லாம் தெரிந்தும் சாவியை எடுக்கக் கை போகும்.

என் கை போவது மாஸ்டா எம்எக்ஸ்-5, அதுவும் 1989-ல் வந்த முதல் தலைமுறை. 1.6 லிட்டர் இன்ஜின், 115 குதிரைத்திறன் அளவில். எண்ணைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எடை ஒரு டன்னுக்கும் கீழே. இன்ஜின் முன்னால், உந்துவது பின்சக்கரம், இரண்டே இருக்கை.

கியர் லீவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மணிக்கட்டை அசைத்தால் போதும், முழங்கை நகராது. இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளும்போது நடுவில் ஒரு சின்னத் தயக்கம் விரல் நுனிக்குத் தெரியும். அப்புறம் ‘டக்’ என்று தானே உள்ளே இழுத்துக்கொள்ளும், பேனா மூடி பொருந்துகிற மாதிரி. சும்மா நிற்கும்போதே கியரை மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பேன். கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீளமான அலுமினியச் சட்டத்தால் பிணைத்திருக்கிறார்கள். அதனால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் நடுவில் எதுவும் முறுக்கிக்கொண்டு நேரம் கடத்தாமல், மிதித்தது மிதித்தபடி சக்கரத்துக்குப் போகும்.

குதிரையும் வீரனும் ஓருடல் என்பதற்கு ஜப்பானில் ‘ஜின்பா இட்டாய்’ என்று சொல்வார்கள். அதைத்தான் இந்த வண்டியின் இலக்காக எழுதி வைத்தார்களாம். விளம்பரப் பேச்சு என்று நினைத்திருந்தேன், முதல் வளைவு வரைக்கும்.

குறை? உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும். இரண்டு பெட்டி வைத்தால் டிக்கி நிறைந்துவிடும். நெடுஞ்சாலையில் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியர் மனிதனைவிட வேகமாக மாற்றும்போது மேனுவலைப் பிடித்துத் தொங்குவது வெறும் வறட்டுப் பிடிவாதம்தானே?

பதில்: பிடிவாதம்தான், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு க்ளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கண் இமைக்கும் முன் கியரை மாற்றிவிடும், நம்மால் முடியாது. நெரிசலில் ஊர்ந்து போக எனக்கும் ஆட்டோமேட்டிக்தான் வேண்டும்.

ஆனால் வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்கும் அந்த ஒரு நொடியை எண்ணிப் பாருங்கள். வலது கால் முன்பாதம் பிரேக்கில், அதே பாதத்தின் ஓரம் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டும். இடது கால் க்ளட்சில், ஒரு கை கியரில், இன்னொரு கை ஸ்டியரிங்கில். எல்லாம் சரியாக விழுந்தால் வண்டி குலுங்காமல் கியர் இறங்கும். பத்தில் மூன்று முறைதான் எனக்குச் சரியாக வரும். மீதி ஏழு முறை பக்கத்தில் இருப்பவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்த மூன்றுக்காகத்தான் மேனுவல்.

கேள்வி: மேலே திறக்கும் கதவெல்லாம் பணக்காரப் பகட்டுத்தானே அண்ணா?

பதில்: இன்றைக்குப் பல வண்டிகளில் அப்படித்தான். ஆனால் அதைப் பிரபலமாக்கிய 1954 மெர்சிடிஸ் 300 எஸ்எல்லுக்கு வேறு வழி இல்லை. எடையைக் குறைக்க மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்து உடற்கூட்டைச் செய்தார்கள். பலம் வேண்டுமென்று அந்தக் குழாய்கள் பக்கவாட்டில் உயரமாக ஓடின. சாதாரணக் கதவு வைக்கவேண்டிய இடத்தைக் குழாய் அடைத்துக்கொண்டது. சரி, கூரையில் கீலை வை என்று முடிவானது. உள்ளே நுழைய வசதியாக ஸ்டியரிங் வளையமே மடங்கிக் கொடுக்கும். 1957-ல் திறந்த கூரை வடிவம் வந்தபோது கூட்டை மாற்றினார்கள், கதவும் வழக்கம்போல் ஆகிவிட்டது. காரணம் இருந்து பிறந்த அழகுக்குத் தனி மரியாதை உண்டு.

கேள்வி: ஃபெராரியா, லம்போர்கினியா? ஒரு பக்கம் நில்லுங்கள்.

பதில்: பார்க்க என்றால் லம்போர்கினி மியூரா. 1966-ல் வந்தது. அதை வரைந்தவர் பெர்டோனே என்ற வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்த மார்செல்லோ காந்தினி, அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். 12 சிலிண்டர் இன்ஜினைக் குறுக்குவாட்டில் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். ஹெட்லைட்டைச் சுற்றிக் கண்ணிமை முடி மாதிரி கறுப்புக் கம்பிகள். தூங்கி எழுந்து பார்க்கிற முகம். ஆனால் பெட்ரோல் டேங்க் முன்பக்கம். பெட்ரோல் குறையக் குறைய மூக்கு லேசாகி, அதிவேகத்தில் மேலே தூக்கப் பார்க்கும். ‘சாயங்காலம் ஆக ஆக ஆபத்து’ என்று கிண்டலடிப்பேன்.

ஓட்ட என்றால் ஃபெராரி எஃப்40, 1987. நிறுவனத்தைத் தொடங்கிய என்ஸோ ஃபெராரி உயிரோடு இருந்தபோது வெளியான கடைசி புது மாடல்களில் ஒன்று. அடுத்த வருடமே அவர் காலமானார். உள்ளே தரைவிரிப்பு கிடையாது. கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதில் ஒரு கயிறு. பெயின்ட்டை மெலிதாக அடித்ததால் உள்ளே இருக்கும் கார்பன் நெசவு கண்ணுக்குத் தெரியும். அத்தனை பேரும் பார்க்கிற ஒரு வண்டியை இப்படி அரைகுறை அலங்காரத்தோடு வெளியே அனுப்ப எவ்வளவு தைரியம் வேண்டும்!

கேள்வி: போர்ஷ 911-ல் இன்ஜினைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டு அறுபது வருடமாகச் சமாளிக்கிறார்கள் என்று என் நண்பன் சொல்கிறான். சரியா?

பதில்: நண்பர் சொல்வதில் பாதி சரி. முதலில் ஒரு துணுக்கு. 1963-ல் காட்டியபோது அதன் பெயர் 901. நடுவில் சைபர் வரும் மூன்றிலக்கப் பெயர் எங்களுடையது என்று பிரெஞ்சு கார் நிறுவனமான பியூஜோ மறித்ததால் 911 ஆனது.

இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னுக்குச் சாயும், பின் டயரின் பிடி தளரும். அப்புறம் அந்த இன்ஜின், கயிற்றில் கட்டிய கல் மாதிரி வால்பக்கத்தை வெளியே வீசும். பழைய 911-களில் எத்தனையோ பேர் பின்பக்கமாகவே வேலியைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதே எடை, வளைவை விட்டு வெளியே வரும்போது பின்சக்கரத்தை அழுத்திப் பிடித்து உங்களை உந்தித் தள்ளும். முதலில் வேகத்தைக் குறை, பிறகு திருப்பு, பிறகு மிதி. இந்த வரிசையை மாற்றினால்தான் அடிக்கும். கண்டிப்பான வாத்தியார் என்று சொல்லுங்கள், தப்பான இடம் என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: சத்தத்துக்கு எந்த கார்?

பதில்: லெக்சஸ் எல்எஃப்ஏ. 4.8 லிட்டர், 10 சிலிண்டர். வண்டி நிற்கையில் இன்ஜின் சும்மா ஓடும் வேகத்திலிருந்து நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு 0.6 நொடியில் ஏறும். முள் வைத்த மீட்டர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது என்று திரையில் முள்ளை வரைந்தார்கள். சத்தத்தைச் செதுக்க உதவியது யமஹா, ஆமாம், பியானோ செய்கிற யமஹாவேதான்.

கேள்வி: எலெக்ட்ரிக் கார்களைக் கண்டாலே உங்களுக்கு ஆகாதோ?

பதில்: யார் சொன்னது? மிதித்த கணமே முழு முறுக்குவிசையும் கிடைக்கிறது. பேட்டரி தரையோடு கிடப்பதால் வண்டி அதிகம் சாய்வதில்லை. தினமும் ஓட்ட நல்ல வண்டிகள். என் வழக்கு எடையோடு மட்டும்தான். ரிமாக் நெவெரா என்ற எலெக்ட்ரிக் காரில் நாலு மோட்டார், 1,900-க்கும் மேல் குதிரைத்திறன். எடை இரண்டு டன்னைத் தாண்டும். நேர்கோட்டில் அதை மிஞ்சுவது கஷ்டம். வளைவில் என்னதான் கணினி கணக்குப் போட்டாலும், இரண்டு டன் இரண்டு டன்தான். பேட்டரி பாதி எடைக்கு வரட்டும், முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

கேள்வி: சின்ன காரைக் கனவு காரென்று சொன்னால் சிரிப்பார்களா?

பதில்: சிரிப்பவர்களுக்கு 1959 மினியைக் காட்டுங்கள். சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் பிறந்த எண்ணம் அது. மூன்று மீட்டர் நீளத்தில் நாலு பேர் உட்கார வேண்டும். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் இன்ஜினைக் குறுக்கே திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியில் ஆயில் தொட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். குறுக்கே கிடக்கும் இன்ஜின், முன்சக்கர உந்துதல்; இன்றைக்குத் தெருவில் ஓடும் பெரும்பாலான சின்ன கார்களின் அமைப்பு இதுதான். 1964-ல் மாண்டி கார்லோ ராலியில் பெரிய வண்டிகளை எல்லாம் முந்தி ஜெயித்தது. இன்ஜினின் தீப்பொறிக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லுக்கு நேர் பின்னால் இருந்ததால், மழையில் நனைந்து வண்டி நின்றுபோகும் என்பது தனிக்கதை.

கேள்வி: தேவைக்கு மேல் புகழப்பட்ட கார்?

பதில்: டிலோரியன் ஸ்போர்ட்ஸ் கார். துருப்பிடிக்காத எஃகு உடம்பு, மேலே திறக்கும் கதவு, எல்லாம் சரி. உள்ளே 130 குதிரைத்திறன். ஆள் பாதி ஆடை பாதி என்பார்களே, இங்கே முக்கால்வாசி ஆடை.

கேள்வி: உங்கள் முதல் வண்டி?

பதில்: பழைய ஹாட்ச்பேக். பெயர் வேண்டாம், பாவம். இரண்டாவது கியர் குளிர்ந்திருக்கும்போது விழாது. இன்ஜின் சூடாகும்வரை ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குத் தாவுவேன். இன்றும் காலையில் எந்த வண்டியை எடுத்தாலும் கை இரண்டாவது கியரில் ஒரு கணம் தயங்கும்.

கேள்வி: கடைசியாக ஒன்று. அந்த மெக்லாரனை ஓட்டியிருக்கிறீர்களா?

பதில்: இல்லை தம்பி. ஒரு கண்காட்சியில் ஒரே ஒரு முறை பார்த்தேன். கதவு திறந்திருந்தது, நடுவில் கயிறு கட்டியிருந்தார்கள். நடு இருக்கைக்குப் போக ஓர இருக்கையைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட வேண்டும். எந்தக் கால் முதலில் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். என்னை அறியாமல் வலது கால் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும். காவலாளி தொண்டையைக் கனைத்தார். நான் ஷூ லேஸைக் கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அன்றைக்கு நான் போட்டிருந்தது செருப்பு.