பூண்டுச் சூரணத்துக்காக இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. மூன்று வருடமாக ஆஸ்துமா. காலையும் மாலையும் இன்ஹேலர் எடுக்கிறாள். "அதில் இருப்பது ஸ்டீராய்டு, பழகினால் விடவே முடியாது" என்று மாமியார் பயப்படுகிறார். தினமும் பூண்டுப்பால் கொடுத்தால் போதும் என்கிறார். தெரிந்தவர் ஒருவர் மலைப்பூண்டுச் சூரணம் என்று ஒரு மண்டலத்துக்கு 6,500 ரூபாய் கேட்கிறார். அந்த 48 நாளும் இன்ஹேலரைத் தொடக்கூடாதாம். கணவர் வடுகபட்டி பூண்டு மண்டியில் வேலை செய்வதால் வீட்டில் பூண்டுக்குக் குறைவில்லை. என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, பெரியகுளம்

நுரையீரல் மருத்துவரின் பதில்:

பூண்டுப்பால் கொடுங்கள் அம்மா, தவறில்லை. இன்ஹேலரை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். சூரணத்தை வாங்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்சுவர் எப்போதும் கொஞ்சம் வீங்கியே இருக்கும். தூசி, புகை, குளிர்காற்று, சளிக்காய்ச்சல் என்று ஏதாவது சீண்டினால் குழாய் இறுகி இழுப்பு வரும். பூண்டை நசுக்கும்போது அல்லிசின் என்ற பொருள் உண்டாகிறது. பூண்டுச் சத்துக்களை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இந்த வீக்கம் குறைந்தது உண்மை. ஆனால் பூண்டு சாப்பிட்டு இன்ஹேலரை விட்டுவிடலாம் என்று மனிதர்களிடம் யாரும் நிரூபிக்கவில்லை. முழுப்பல்லாகப் பாலில் போட்டுக் கொதிக்க வைத்தால் அல்லிசின் உண்டாவதற்குத் தேவையான நொதியே சூட்டில் செத்துவிடும். "மூச்சில் பூண்டு வாசனை வருகிறதே, அப்படியென்றால் நுரையீரலுக்குப் போயிருக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். வாசனை ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாகத்தான் வெளியே வருகிறது, சரி. வாசனை வருவதால் மூச்சுக்குழாய் விரியாது.

மூலிகை என்றாலே நான் முகம் சுளிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்துமாவுக்கு ஊமத்தையைப் புகைக்கும் பழக்கம் 1802 வாக்கில் நம் மதராஸிலிருந்துதான் பிரிட்டனுக்குப் போனது. ஊமத்தையில் உள்ள அட்ரோபினை மாற்றியமைத்து உருவாக்கியதுதான் இன்று நெபுலைசரில் ஊற்றுகிற, மூச்சுக்குழாயை விரிக்கும் இப்ராட்ரோபியம். ஆடாதோடையின் சத்திலிருந்து வந்ததுதான் சளியை இளக்கும் பிரோம்ஹெக்சின். செடியில் மருந்து இருக்கிறது. அதைப் பிரித்து, அளந்து, நச்சு எந்த அளவில் தொடங்குகிறது என்று பார்த்துக் கொடுத்தார்கள். (ஊமத்தையை வீட்டில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம், உயிர் போய்விடும்.)

இனி அந்தச் சூரணத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையான பயம் இதில்தான்.

லேபிள் இல்லாத ஆஸ்துமா பொடிகளில் பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளைப் பொடித்துக் கலப்பது நாடெங்கும் நடக்கிற வேலை. அதனால்தான் இரண்டே நாளில் இழுப்பு நிற்கிறது. பசி எடுக்கிறது, கன்னம் பூசினாற்போல் ஆகிறது, "பிள்ளை தேறிவிட்டாள்" என்று வீடே சந்தோஷப்படுகிறது. அது தேறுதல் இல்லை, ஸ்டீராய்டு வீக்கம். இதே மாதிரி ஒரு பொடியை ஐந்து மாதம் சாப்பிட்ட ஒரு பையனை என்னிடம் கொண்டு வந்தார்கள். விற்றவர் ஊரை விட்டுப் போய்விட்டதால் பொடி திடீரென்று நின்றிருந்தது. இரண்டே நாளில் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் படுவீழ்ச்சி. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்திவிடும். பையன் பிழைத்தான். அந்தத் தாயின் முகம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. உங்கள் மகளுக்கு ஏற்கனவே சில வாரம் இப்படி ஏதாவது பொடி கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், பொடியோடு மருத்துவரிடம் வாருங்கள்.

ஸ்டீராய்டு வேண்டாம் என்று இன்ஹேலரை விட்டவர்கள் கடைசியில் அதே ஸ்டீராய்டைக் கணக்கில்லாமல் விழுங்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: பிரெட்னிசோலோன் மாத்திரை ஒன்றில் 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம். குழந்தைகளுக்கான பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 அல்லது 200 மைக்ரோகிராம். அதுவும் போக வேண்டிய இடத்துக்கு நேரடியாகப் போகிறது. தொடர்ந்து எடுத்தால் உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையலாம். அதை மறைக்க மாட்டேன். அடக்காத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் கெடுக்கும், உயிரையும் எடுக்கும். எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். இன்ஹேலர் யாரையும் அடிமையாக்குவதில்லை. நோய் அடங்கினால் மருத்துவரே அளவைக் குறைப்பார்.

சித்த மருத்துவம் பார்க்க ஆசையா? பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். லேபிளில் உட்பொருள், உரிம எண், தேதி எல்லாம் அச்சிட்ட மருந்தாக வாங்குங்கள். "இன்ஹேலரைத் தொடாதே" என்று எவர் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த மருந்தும் ஆஸ்துமாவை குணப்படுத்தும் என்று சொல்லி விற்கக் கூடாது என்று 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணை சொல்கிறது. ஆனால் காலையில் வாட்ஸப்பைத் திறந்தால் நாலு விளம்பரம். யார் பிடிக்கிறார்கள்? பியூடசோனைடு இன்ஹேலர் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் கேட்டால் சால்புட்டமால் மாத்திரையும், டெரிபிலின் என்ற பழைய மூச்சிரைப்பு மருந்தும்தான் கையில் வரும். கூலி வேலை செய்கிறவர் மாதாமாதம் இன்ஹேலருக்குப் பணம் தேட வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் பொடி விற்பவன் வந்து உட்காருகிறான். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் விலையை விசாரியுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மருந்து இல்லை என்றால் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருங்கள். கேட்க யாரும் இல்லாததால்தான் அலமாரி காலியாக இருக்கிறது.

உங்கள் கணவரின் வேலையைப் படித்ததும் எனக்கு ஒன்று உறுத்தியது. பூண்டு சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும். சாப்பிடும் பூண்டைச் சொல்லவில்லை, காற்றில் பறக்கும் பூண்டுத் தூசியைச் சொல்கிறேன். மண்டியிலும் மசாலா அரைக்கும் இடத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு இதனாலேயே மூச்சிரைப்பு வருவது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். அல்லிசினை உண்டாக்குகிறதே, அந்த நொதியே ஒவ்வாமையைத் தூண்டுகிறது என்று தைவான் ஆய்வாளர்கள் 2004-ல் கண்டார்கள். எல்லோருக்கும் இப்படி ஆகாது, அரிதுதான். ஆனாலும் உங்கள் வீட்டில் பார்த்தே ஆக வேண்டும். அப்பா மண்டியிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் இவளுக்குத் தும்மலோ இருமலோ வருகிறதா? வீட்டில் பூண்டு உரிக்கிற நாளில் இரவு இழுப்பு கூடுகிறதா? நாலு நாள் பாட்டி ஊருக்குப் போனால் சரியாகிறதா? இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை கணவர் வந்ததும் குளித்துச் சட்டை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டும். மூட்டையும் பூண்டுத் தோலும் அவள் படுக்கும் அறையில் வேண்டாம். ஒருவேளை பூண்டுத் தூசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால், பச்சைப் பூண்டையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கணவருக்கே இருமல் இருந்து, லீவு நாளில் குறைந்தால் அவரும் கருவியில் ஊதி நுரையீரலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக இரண்டு விஷயம். இழுப்புக்கு அடிக்கும் நீல நிற சால்புட்டமால் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால் நோய் அடங்கவில்லை என்று அர்த்தம், மருத்துவரைப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, விலாவுக்கு நடுவே குழி விழுந்தாலோ, உதடு நீலமானாலோ உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை ஸ்பேசர் (இன்ஹேலரை மாட்டி மூச்சு இழுக்கும் பிளாஸ்டிக் குழல்) வழியாக சால்புட்டமாலை நாலு முதல் ஆறு முறை, ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.

ஸ்பேசர் இல்லையென்றால், 500 மில்லி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, மறுமுனையில் பிள்ளையை வாய் வைத்து மெதுவாக மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்த முறை இது, நன்றாக வேலை செய்யும். இன்று சாயங்காலமே ஒன்று செய்து வைத்துவிடுங்கள்.