பெக்கோவுக்கு எத்தனை லீற்றர் டீசல்?

அன்புள்ள அண்ணாவுக்கு,

முல்லைத்தீவில் இருந்து எழுதுகிறேன். பத்து வருடமாகப் பிரதேச நிருபராக இருக்கிறேன். அச்சாகும் செய்திக்குத்தான் காசு என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த தேர்தலில் நிற்கச் சொல்லி ஒரு கட்சி கேட்கிறது. எங்கள் ஊர் வீதியைப் பற்றி ஐந்து தடவை எழுதிவிட்டேன், ஒரு லோட் கிறவல்கூட விழவில்லை. உள்ளே போனால்தான் ஏதாவது நடக்கும் போல. அறிஞர் அண்ணா, கலைஞர் எல்லாரும் பத்திரிகையில் இருந்துதானே வந்தார்கள்? நீங்களும் நிருபராக இருந்து பிரதேச சபைக்குப் போனவர். நான் போகலாமா?

வாசகர் ஒருவர்

அன்புள்ள தம்பிக்கு,

அறிஞர் அண்ணாவையும் கலைஞரையும் விடுங்கள். 'திராவிட நாடு', 'முரசொலி' இரண்டும் 1942இல் அவர்களே தொடங்கியவை. எங்கள் பக்கத்திலும் தந்தை செல்வாவின் 'சுதந்திரன்' 1947இல் வந்துவிட்டது, அவருடைய தமிழரசுக் கட்சி பிறந்தது 1949இல்தான். அரசியலுக்காகப் பத்திரிகை நடத்தியவர்கள் அவர்கள். நீங்களும் நானும் சொந்தக் காசில் பெற்றோல் அடித்து, விதானையாரிடமும் (கிராம அலுவலர்) கமக்காரர் அமைப்பிடமும் (விவசாயிகள் சங்கம்) விசயம் கேட்டு அனுப்புகிற ஆட்கள். கொல்லப்பட்ட ஊடகவியலாளர் சிவராம் போனது எதிர்த் திசையில். புளொட் இயக்கத்தில் இருந்தவர், 1989இல் 'தராகி' என்ற பெயரில் எழுதத் தொடங்கினார். கடைசியில் எழுத்துத்தான் அவருடைய உயிரை எடுத்தது.

என் கதைக்கு வருகிறேன். 2018 பெப்ரவரித் தேர்தலில் நின்றேன். வட்டாரத்தில் தோற்றேன். நூற்றுக்கு நாற்பது பேரைக் கட்சிப் பட்டியலில் இருந்து எடுக்கும் முறை புதிதாக வந்திருந்தபடியால் உள்ளே போனேன். பதினைந்து வருடம் ஊர்ப் பிரச்சினை எழுதியவன், எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற நினைப்பு வேறு.

இரண்டாவது அமர்வில் எதிர்ப்பக்கத்து உறுப்பினர் ஒருவர் பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து வாசித்தார். வீதி குன்றும் குழியுமாகக் கிடக்கிறது, பிரதேச சபை கண்டுகொள்ளவில்லை என்ற செய்தி. நான் எழுதியது. வாசித்துவிட்டு, "இந்த வீதி ஆருடையது எண்டு எழுதினவரிட்டையே கேட்டுச் சொல்லுங்கோ தவிசாளர்" என்றார். சபை முழுக்கச் சிரிப்பு.

அது சி தர வீதி. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்சம் கிடக்கும் உள்வீதிகள்தான் சபைக்கு. குளமும் இப்படித்தான். 200 ஏக்கருக்குள் பாயும் சிறு குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கும், பெரியவற்றை நீர்ப்பாசனத் திணைக்களம். காட்டுக்கு வனவளத் திணைக்களம், அவர்கள் எல்லைக்கல் எங்கே நட்டிருக்கிறார்கள் என்பதில்தான் வன்னியில் பாதிச் சண்டை. சபையின் கையில் மிஞ்சுவது உள்வீதி, சந்தை, குப்பை, தெருவிளக்கு, சுடலை. ஒரு போன் எடுத்துக் கேட்டிருந்தால் எழுதும்போதே எனக்கு இது தெரிந்திருக்கும். உங்கள் வீதி எந்தத் தரம் தம்பி?

உள்ளே போய் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்தேன். சந்தைக்குள் பெண்களுக்கு ஒரு மலசலகூடம். நிருபராக இருந்த காலத்தில் அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. கமராவோடு வரும் ஆம்பிளையிடம் சந்தைப் பெண்கள் அதைச் சொல்லமாட்டார்கள். உறுப்பினரிடம் வந்து சொன்னார்கள், அதுவும் என்னோடு இருந்த பெண் உறுப்பினர் வழியாக.

சி தர வீதிக் கதையைச் சிரித்துக் கடந்துவிடலாம். மற்றக் கதை அப்படியில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது ஓடிப்போய் விண்ணப்பம் போட்டவன் நான். தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் சொல்ல வேண்டும். பதினைந்தாம் நாள் காலையில் கந்தோர் வாசலில் நிற்பேன். நான் உறுப்பினராகி இரண்டு வருடத்தில் ஒரு இளம் நிருபர் எங்கள் சபைக்கே விண்ணப்பம் போட்டார். ஆறு மாதத்தில் சபையின் பெக்கோ, அதாவது மண் அள்ளும் இயந்திரம், எத்தனை மணித்தியாலம் ஓடியது, அதற்கு எத்தனை லீற்றர் டீசல் அடித்தீர்கள்? ஓட்டத்தைப் பதியும் ரன்னிங் சார்ட் ஒழுங்காக நிரப்பப்பட்டிருக்கவில்லை. களவு நடந்தது என்று சொல்லமாட்டேன். நடக்கவில்லை என்று சத்தியம் செய்யவும் என்னால் முடியாது.

"உங்கட ஆள்தானே, ஒருக்காக் கதையுங்கோ" என்றார்கள். கதைத்தேன். "தம்பி, பட்ஜெட் முடியட்டும், அடுத்த மாதம் தாறம், இப்ப எழுத வேண்டாம்." அவர் "சரி அண்ணா" என்று மட்டும் சொன்னார். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இதே குழைவோடு எத்தனை பேர் என்னிடம் கதைத்திருக்கிறார்கள்! அவர்களை எல்லாம் திகதி போட்டு டயரியில் எழுதி வைத்தவன் நான்.

போவதென்றால் போங்கள், மறிக்கமாட்டேன். ஆனால் வேட்புமனுவில் கையெழுத்து வைக்கும் அன்றே ஊடக அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் ஆறு மாதம் இரண்டையும் வைத்திருந்தேன். காலையில் சபையில் பேசுவேன், பின்னேரம் அதையே செய்தியாக அனுப்புவேன். அச்சாகும் செய்திக்குத்தானே காசு, என் பேச்சுக்கு நானே காசு வாங்கியிருக்கிறேன். 2023 மார்ச்சில் சபையின் காலம் முடிந்தபோது பழைய தொழிலுக்குத் திரும்பலாம் என்று பார்த்தேன். செய்தி சொல்லிக்கொண்டிருந்த ஆட்கள் தேத்தண்ணி தந்தார்கள், செய்தி தரவில்லை.

அந்த இளம் நிருபர் அடுத்த கிழமையே எழுதிவிட்டார். பெக்கோவின் கணக்கோடு என் போனும் அச்சில் வந்தது. பெயர் போடவில்லை, 'முன்னாள் ஊடகவியலாளரான உறுப்பினர் ஒருவர்' என்றுதான் இருந்தது. எங்கள் சபையில் அப்படி ஒருவர்தான் இருந்தார்.