குழந்தை 'தானாகத் தூங்குவது' என்றால் என்ன?

தூளியை ஆட்டாமல், தோளில் போட்டுத் தட்டாமல், குழந்தை தானே கண்ணயர்வதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். கைக்குழந்தையின் தூக்கம் ஏறக்குறைய 50 நிமிடங்களுக்கு ஒருமுறை லேசாகும். ஆட்டத்தில் உறங்கிய குழந்தை அப்போது ஆட்டத்தைத் தேடி அழும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் பஸ்ஸில் கண்ணயர்ந்தவர், பாபநாசத்தில் வண்டி நின்றதும் விழித்துக்கொள்வதில்லையா?

ஆறு மாத வாக்கில், பால் கொடுத்து விளக்கைக் குறைத்து, கண் சொக்கும்போதே பாயில் மல்லாக்கப் படுக்கவையுங்கள், தலையணை வேண்டாம். சிணுங்கினால் உடனே தூக்காமல் நெஞ்சில் கை வைத்துச் சற்றுப் பொறுங்கள். பாட்டி தூளிக் கயிற்றை விடமாட்டார்தான். பகல் தூக்கத்தை, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வதானால், அவரிடமே விட்டுவிடலாம்.

கதறவிடுவதோ தனியறையில் போடுவதோ இதன் பொருள் அல்ல; பசித்து அழுதால் நள்ளிரவிலும் பால் கொடுக்கத்தான் வேண்டும்.