பின்பக்க ஷாக் போய்விட்டால் கேஸ் ஷாக் மாட்டலாமா?

களக்காட்டில் வாழைத்தார் ஏற்றும் பழைய 125 சிசி வண்டி, பள்ளத்தில் இறங்கினால் இடுப்பு ஒடிகிறது, கேஸ் அடைத்த ஷாக் அப்சார்பர் (கேஸ் ஷாக்) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடலாம். ஆனால் போனது ஷாக்தானா என்று முதலில் பாருங்கள். சீட்டின் பின்பக்கத்தை அமுக்கிச் சட்டென்று கையை எடுங்கள். ஒரு தடவை எழும்பி நின்றால் சரி. இரண்டு மூன்று தடவை குதித்தால் டேம்பிங், அதாவது குதிப்பை அடக்கும் சக்தி, போய்விட்டது. ஷாக்குக்குள் போய் வரும் கம்பியான ராடில் விரலை வைத்துத் தேய்த்தால் எண்ணெயும் புழுதியும் கறுப்பாக ஒட்டுகிறதா? எண்ணெயைக் கசியாமல் தடுக்கும் சீல் போயிருக்கிறது. பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷோ வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் எந்த ஷாக் போட்டாலும் காசு தண்டம்தான்.

கேஸ் ஷாக்கில் நைட்ரஜன் அழுத்தம் எண்ணெய் நுரைக்காமல் காக்கும். பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் ஸ்பிரிங். உங்களுக்குத் தார் ஏற்றத்தான் வேண்டும் என்றால் ஷாக்கோடு ஒட்டி வரும் கேஸ் டப்பாவைப் பார்க்காதீர்கள், பாரம் தாங்கும் ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்குங்கள். மலிவு விலையில் வரும் சில டப்பாக்கள் வெறும் அலங்காரம். உள்ளே ஒன்றும் கிடையாது.

மேல் போல்ட் துளையின் நடுவிலிருந்து கீழ்த் துளையின் நடுவரை பழைய ஷாக்கை அளந்துகொண்டு போங்கள், அந்தத் துளைகளில் இருக்கும் புஷ்ஷின் உள்விட்டத்தையும் சேர்த்து. நான் ஒருமுறை நீளம் கூடியதை மாட்டிவிட்டு, ராத்திரி அம்பாசமுத்திரம் ரோட்டில் ஹெட்லைட் சக்கரத்துக்கு முன்னாலேயே விழ, தட்டுத்தடுமாறி வீடு வந்தேன். சைடு ஸ்டாண்டிலும் வண்டி ரொம்பச் சாய்ந்தது.

எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள். ஸ்பிரிங் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கட்டும். 100 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை இன்னொரு தடவை முறுக்கிப் பாருங்கள்.