காலையில் 146, பகலில் 104: எந்த அளவை நம்புவது?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது, சென்ற ஆண்டு இதயக் குழாய் அடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தார்கள். காலை உணவு முடிந்ததும் மெட்டோப்ரோலால், டெல்மிசார்ட்டான் என்ற பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறார். வீட்டிலுள்ள பிரஷர் கருவி அவர் எழுந்ததும் 146/88 என்றும், பதினொரு மணிக்கு 104/66 என்றும் காட்டுகிறது. கருவி பழுதா? குறைவாகக் காட்டும் நாளில் மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்: மாத்திரையை நீங்களாக விட்டுவிட வேண்டாம். மெட்டோப்ரோலால் இரத்த அழுத்தத்துக்காக மட்டும் தரப்படுவதில்லை. இதயத் துடிப்பின் வேகத்தைத் தணித்து, இதயத் தசையின் ஆக்சிஜன் தேவையையும் குறைக்கிறது. இதயக் குழாயில் அடைப்பு இருந்தவர்கள் அதைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பலாம், மாரடைப்பே வரலாம். மேல் அளவு 90-க்குக் கீழே இறங்கினாலோ, தலைச்சுற்றலோ மயக்கமோ இருந்தாலோ, அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டு அளவுகளுமே சரியாக இருக்கக்கூடும். காலையில் விழித்தெழும்போது இரத்த அழுத்தம் இயல்பாகவே ஏறும். முந்தைய நாள் மாத்திரையின் வேகமும் அப்போதுதான் மிகவும் தணிந்திருக்கும். பதினொரு மணிக்கோ புது மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். மருந்து அடுத்த வேளை வரை தாக்குப்பிடிக்கிறதா என்பதை மாத்திரைக்கு முன் எடுக்கும் காலை அளவுதான் காட்டும் என்பதால், மருத்துவர் முதலில் பார்க்க விரும்புவது அதையே. பகல் பதினொரு மணி அளவை மட்டும் எழுதிக்கொண்டு போனால், எல்லாம் கட்டுக்குள் இருப்பதாக அவர் எண்ணிவிட நேரும்.

ஆகவே ஒரு வாரம் இப்படிச் செய்யுங்கள். காலையில் சிறுநீர் கழித்தபின், காபிக்கும் மாத்திரைக்கும் முன், முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் அமரட்டும். கைப்பட்டையைச் சட்டைத் துணியின் மேல் சுற்றாமல் வெறும் மேற்கையில், நெஞ்சு மட்டத்தில் இருக்குமாறு சுற்றுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் நாடித்துடிப்பையும் எழுதுங்கள். இரவு உணவுக்கு முன்பும் அவ்வாறே. முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85-ஐ எட்டினாலோ தாண்டினாலோ அது அதிகமே. அப்பாவுக்கான இலக்கை அவருடைய மருத்துவர் இதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கலாம். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

இந்த வயதில் இன்னொன்றையும் பாருங்கள். அமர்ந்து அளந்தபின் எழுந்து நிற்கச் சொல்லி மூன்று நிமிடத்துக்குள் மீண்டும் அளக்கும்போது மேல் அளவு 20-ஓ, கீழ் அளவு 10-ஓ குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழுந்துவிடும் அபாயம் அதில் இருக்கிறது. நாடி 50-க்குக் கீழ் இருந்தாலும் தெரிவியுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறாரா என்றும் விசாரியுங்கள். அவை இரத்த அழுத்தத்தை ஏற்றுவதோடு இதயத்துக்கும் நல்லவையல்ல.

180/120-க்கு மேல் காட்டினால் ஐந்து நிமிடம் அமரவைத்து மறுபடி அளங்கள். குறையாவிட்டால் அன்றே மருத்துவரை அழையுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி இருந்தால், அளவு எதுவானாலும், காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்குக் குறிப்பேட்டோடு கருவியையும் எடுத்துச் சென்று, அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுத் தரும்படி கேளுங்கள். பழுதா என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.