பழைய வேகப் படகு வாங்குவதற்கு முன்: பின்பலகையில் இருந்து தொடங்குங்கள்

வேலணையில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “நயினாதீவு, நெடுந்தீவுப் பக்கம் குடும்பத்தோடு போய்வரவும், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களைக் கூட்டிப்போகவும் ஒரு வேகப் படகு தேடுகிறோம். தென்பகுதியில் ஒரு விடுதி பாவித்த 19 அடி ஃபைபர் படகு, 115 குதிரைவலு ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினோடு விலைக்கு வந்திருக்கிறது. 400 மணித்தியாலம்தான் ஓடியது என்கிறார்கள். மேலால் பார்க்கப் புதிது மாதிரித்தான் இருக்கிறது. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?”

மேலால் பார்க்கப் புதிது மாதிரி இருக்கிறது என்ற வரிதான் எனக்குக் கவலை தந்தது. ஃபைபர் படகுக்குப் பூச்சு அடித்து மினுக்க இரண்டு நாள் போதும். விற்கிறவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. அவருக்கே உள்ளே நடந்தது தெரியாமல் இருக்கலாம்.

குருநகரிலும் மயிலிட்டியிலும் நாங்கள் தினமும் பார்க்கும் மீன்பிடி ஃபைபர் படகுகளில் 15 அல்லது 25 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின் இருக்கும். எஞ்சினைப் பூட்டும் பின்பலகையில் தொங்கும் பாரம் 40, 50 கிலோதான். உங்களுக்குக் காட்டிய எஞ்சின் 170 கிலோவுக்குக் கிட்ட வரும். அதற்கு மேல் அது தள்ளும் தள்ளு இருக்கிறது. 10 நொட் (மணிக்குப் பத்துக் கடல்மைல்) வேகத்தில் ஓடும் படகை 30 நொட்டுக்குக் கொண்டுபோனால், அது சுமக்கும் இயக்க ஆற்றல் ஒன்பது மடங்காகிறது. அலையில் எழும்பி விழும் ஒவ்வொரு முறையும் அந்த அடி அடித்தளத்திலும் பின்பலகையிலும்தான் இறங்கும். அதனால் மீன்பிடிப் படகு பார்த்துப் பழகிய கண்ணோடு மட்டும் இதைப் பார்க்கக் கூடாது.

முதலில் பின்பலகைக்கு வாருங்கள். எஞ்சின் பூட்டியிருக்கும் அந்தப் பலகை வெளியே ஃபைபராகத் தெரியும். பெரும்பாலான படகுகளில் அதன் உள்ளே இருப்பது பிளைவூட். எஞ்சின் போல்ட், ஏணி, தண்ணீர் வடியும் அடைப்பான் என்று எங்கெல்லாம் ஓட்டை போட்டிருக்கிறார்களோ, அங்கெல்லாம் பூச்சு விட்டுப்போனால் தண்ணீர் உள்ளே இறங்கும். பலகை உள்ளுக்குள் உக்கிக்கொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. சின்னச் சுத்தியலின் பிடியால் ஒரு சாண் இடைவெளி விட்டு முழுப் பலகையையும் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல பலகை ‘டக்’ என்று இறுக்கமாகச் சத்தம் கொடுக்கும். உக்கிய இடம் ஈர மூட்டையைத் தட்டின மாதிரி மந்தமாக இருக்கும். ஒருதரம் கேட்டால் பிறகு மறக்காது.

அப்புறம் எஞ்சினைப் பாதி தூக்கிய நிலையில் வைத்து, அதன் கீழ்ப்பகுதியைக் கையால் மேலும் கீழும் அழுத்துங்கள். இன்னொருவர் பலகையின் மேல் விளிம்பையும் போல்ட் இருக்கும் இடத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். எஞ்சின் அசைந்தால் பலகை கூட அசையக் கூடாது. போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம் போல வெடிப்போ, மண்ணிறமாக வடிந்த கறையோ இருந்தால் அங்கேயே நில்லுங்கள்.

பாசையூர்க் கரையில் ஒருவருக்காகப் படகு பார்க்கப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. வெள்ளை வெளேரென்ற படகு. விற்பவரின் சம்மதத்தோடு அடைப்பானைப் பிடித்திருந்த ஒரு திருகாணியைக் கழற்றினேன். திருகாமலே விரலோடு வந்துவிட்டது. அதன் பள்ளங்களில் காய்ச்சி வடித்த தேயிலைச் சக்கை போலக் கறுத்த ஈரமரம் அப்பியிருந்தது, புளித்த மணம். வாங்க வந்தவர் அப்போதும் எஞ்சினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பலகையை வெட்டி மாற்றுவது முடியாத வேலையில்லை. காரைநகரில் சீநோர் படகுத்தளம் இயங்கிய காலத்திலிருந்தே ஃபைபர் வேலை தெரிந்த கைகள் எங்களிடம் இருக்கின்றன. ஆனால் அந்தச் செலவை விலை பேசும் முன்னர் கணக்கில் எடுக்க வேண்டும்.

பின்பலகை சரி என்றால் தளத்தில் வெறுங்காலோடு நடவுங்கள். குதிக்காலை ஊன்றி ஊன்றி நடந்தால் மெத்தென்ற இடம் தெரியும். அதன் அடியில் நீளமாக ஓடும் தாங்குசட்டங்கள் உக்கியிருக்கலாம், அல்லது அடித்தளத்தில் இருந்து பிரிந்திருக்கலாம். சில படகுகளில் தளத்துக்கு அடியில் நுரை நிரப்பியிருப்பார்கள். அது வருடக்கணக்கில் தண்ணீர் குடித்துப் பாரமாகிவிடும். வரும் வழியில் லொறி நிறுக்கும் தராசு இருந்தால் ட்ரெய்லரோடு ஏற்றி நிறுங்கள். ட்ரெய்லர், எஞ்சின், பெற்றோல் ஆகியவற்றின் நிறையைக் கழித்தபின், தயாரிப்பாளர் சொல்லும் எடையைவிட நூறு, இருநூறு கிலோ கூட வந்தால் அது ஊறிய தண்ணீர் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடிப்பக்கத்தைப் படுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பின்பலகையில் இருந்து முன்னே ஐந்தாறு அடிக்கு ஒரு நேரான அலுமினியச் சட்டத்தைப் பிடியுங்கள். வேகப் படகின் இந்தப் பகுதி நேராக இருக்க வேண்டும். தவறான தாங்கிகளில் வருடக்கணக்கில் ட்ரெய்லரில் கிடந்த படகுக்கு இந்த இடம் உள்வாங்கியோ வெளியே புடைத்தோ போயிருக்கும். வெளியே புடைத்திருந்தால் வேகமெடுக்கும்போது அணியம், அதாவது படகின் முன்பக்கம், தவளை மாதிரித் துள்ளிக்கொண்டே போகும், உள்வாங்கியிருந்தால் அணியம் தாழ்ந்து வேகம் வராது. இதை எஞ்சினால் சரிசெய்ய முடியாது. ஒரு இடத்தில் மட்டும் பூச்சின் நிறம் லேசாக மாறியிருந்தால், பாறையில் ஏறியதா என்று நேராகவே கேளுங்கள்.

இனி எஞ்சின். நீங்கள் போகும் நாளில் அதை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். மூடியைத் திறந்து கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் வருகிறோம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் திறப்பைத் திருப்பியதும் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் நிறைய விஷயம் இருக்கிறது. பிளக்குகளைக் கழற்றி எல்லாச் சிலிண்டருக்கும் அமுக்கம் பார்க்கச் சொல்லுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் பத்து வீதத்துக்குள் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். கீழே கியர்ப்பெட்டியின் திருகாணியைத் தளர்த்திக் கொஞ்சம் எண்ணெய் வடிய விடுங்கள். பால்தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. எஞ்சின் எண்ணெயில் பெற்றோல் மணம் அடித்து, அளவும் கூடியிருந்தால் அதற்கும் காரணம் கேட்க வேண்டும்.

அந்த 400 மணித்தியாலத்தை வாய்வார்த்தையில் விடாதீர்கள். இந்த அளவு எஞ்சின்களில் பெரும்பாலும் கட்டுப்பாட்டுக் கணினி இருக்கும். கொம்பனி மெக்கானிக் மடிக்கணினியைப் பூட்டினால் மொத்தம் எத்தனை மணித்தியாலம், அதில் எந்தச் சுற்று வேகத்தில் எவ்வளவு நேரம், எத்தனை எச்சரிக்கை பதிவாகியிருக்கிறது என்று பல எஞ்சின்களில் வாசிக்கலாம். ஒழுங்காகக் கழுவி ஓட்டிய 1000 மணித்தியால எஞ்சினை, உப்புத் தண்ணீரோடு மாதக்கணக்கில் சும்மா கிடந்த 200 மணித்தியால எஞ்சினைவிட நான் நம்புவேன். குளிர்விக்கும் தண்ணீரை அளவோடு விடும் தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் எது எதென்று புரியும். கழுவாத எஞ்சினில் உப்பு வெள்ளைப் பொருக்காகப் படிந்து வழியை அடைத்திருக்கும். எஞ்சினை உப்புநீர் அரிக்காமல் தாங்கள் கரைந்து காக்கவென்று கீழே பூட்டியிருக்கும் துத்தநாகக் கட்டிகள் பாதி கரைந்திருந்தால் நல்லது, அவை தங்கள் வேலையைச் செய்திருக்கின்றன. அவற்றின் மேல் பூச்சு அடித்திருந்தால் அரிப்பு எஞ்சினின் அலுமினியத்துக்குத்தான் போயிருக்கும்.

எங்கள் களப்பு ஆழமில்லாதது, சேறும் சாதாளையும் நிறைந்தது. அதனால் இரண்டு விஷயத்தில் கொஞ்சம் கூடக் கவனம் வேண்டும். குளிர்விக்கும் தண்ணீர் சின்ன ஓட்டையால் பலமாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பம்பின் ரப்பர் சக்கரம் தேய்ந்திருக்கலாம். ரப்பர் சக்கரம் விலை குறைந்த பொருள்தான், ஆனால் அதோடு ஓட்டி எஞ்சின் ஏற்கெனவே வெந்திருந்தால் அதுதான் பிரச்சினை. அடுத்தது, எஞ்சினைத் தூக்கி இறக்கும் ஹைட்ரோலிக். முழுதாகத் தூக்கி ஒரு மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். தானாக இறங்கினால் உங்கள் கரைக்கு அந்தப் படகு சரிவராது. புரொப்பெல்லரைக் கையால் சுழற்றி, இதழ் நுனிக்குப் பக்கத்தில் ஒரு குச்சியைப் பிடித்தால் இதழோ தண்டோ வளைந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பத்திரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சினில் பொறித்த இலக்கமும் பத்திரத்தில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். லீசிங் பாக்கி இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். காசு வாங்கி ஆள் ஏற்றும் எண்ணம் பிறகு வரலாம் என்றால், அதற்கு என்ன அனுமதி தேவை என்பதை முற்பணம் கொடுக்கும் முன்னரே விசாரியுங்கள். மீன்பிடிப் படகுக்கான பதிவு இருக்கிறது, அது போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கடைசியாகக் கடலில் ஓட்டம். ட்ரெய்லரில் வைத்துத் தண்ணீர்க் குழாயைப் பூட்டி ஓட்டிக் காட்டுவதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் ஏறுவார்களோ அத்தனை பேரோடு ஓட்டுங்கள். முழு வேகத்தில் நிமிடத்துக்கான சுற்று எண்ணிக்கை அந்த எஞ்சினின் கையேடு சொல்லும் எல்லைக்குள் வர வேண்டும். 115 குதிரைவலுவுக்கு அது பெரும்பாலும் 5000க்கு மேல், 6000ஐ ஒட்டி இருக்கும். எட்டவே இல்லையென்றால் புரொப்பெல்லர் பொருந்தவில்லை, அல்லது எஞ்சின் களைத்துவிட்டது, அல்லது படகு பாரமாகிவிட்டது. ஓட்டுபவர் இடுப்பில் கொழுவும் நிறுத்துகயிற்றை மெதுவான ஓட்டத்தில் இழுத்துப் பாருங்கள், எஞ்சின் உடனே நிற்க வேண்டும். இது வேலை செய்யாத படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். சோளகக் காற்றில் குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே கடல் எப்படி எழும்பும் என்று உங்களுக்குத் தெரியும். விடுதிக்காரர் குளம் போலக் கிடக்கும் தண்ணீரில்தான் ஓட்டியிருப்பார். ஆகவே கொஞ்சம் அலையுள்ள நேரம் கேளுங்கள். அணியத்தின் அடி கூராக இறங்கியிருக்கிறதா, தட்டையாக இருக்கிறதா என்பது முதல் பத்து அலையிலேயே முதுகில் தெரிந்துவிடும். தட்டையானதென்றால் களப்புக்குள் ஓடலாம், நெடுந்தீவுக்கு வேண்டாம்.

கரைக்கு வந்து ட்ரெய்லரில் ஏற்றியதும் அடைப்பானைக் கழற்றி, எவ்வளவு தண்ணீர் வடிகிறது என்று நின்று பாருங்கள். ஒரு சிரட்டை வந்தால் பரவாயில்லை. ஒரு வாளி வந்தால், அது எங்கிருந்து வந்ததென்று கண்டுபிடிக்கும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.